தொலைவை அருகழைக்கும் சிறு பெட்டி

பிரயாணத்துக்கென்றே செய்யப்பட்ட சிறு காமிரா ஒன்று 2017ஆம் ஆண்டு முதல் நம் இல்லத்தில் இருந்து வருகிறது. சட்டைப் பையில் அடங்காது. ஜிப்பாவின் பக்கப் பையில் அடங்கும். எடை 300 கிராமுக்குச் சற்றே கூடுதல். அதன் பெயரையோ, அதைச் செய்த நிறுவனத்தின் பெயரையோ இங்கே கூறப் போவதில்லை. விளம்பரம் செய்வதும் பழி தூற்றுவதும் நம் நோக்கமல்ல. ஆனால், அதனைக் கையில் காணும் உறவினரும் அன்பர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கைபேசிதான் இருக்கிறதே, இஃது எதற்கு?” அக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. குடும்பத்தோடு வெளியூர் செல்வோர் பலரும் இதே வகைக் கருவியை வாங்கலாமா என்று விசாரிப்பதால், விரிவாகவே எழுதிவிடலாம் எனத் துணிந்தோம். படம் எடுப்பது கூடுமா, கூடாதா என்னும் பழைய விவாதத்துக்குள் நாம் நுழையவில்லை. அதற்கு ஆலிம் பெருமக்கள் இருக்கிறார்கள்.

இவ்வகைக் காமிராவின் வம்சம் அத்துணைப் பழையதன்று. படச்சுருள் காலத்தில், 1986இல், ஜப்பானிய பென்டாக்ஸ் நிறுவனம் 35 முதல் 70 மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம் லென்ஸைக் கையடக்கப் பெட்டியொன்றில் பொருத்தி வெளியிட்டது. அந்த வகையில் அதுவே முதலாவது. சுருள் ஒழிந்து மின்னணுக் காலம் வந்தபின், 2006இல், பானசோனிக் நிறுவனம் டி.ஜெட்.1 என்னும் கருவியைக் கொணர்ந்தது. ‘பயண ஜூம்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களே அப்பெயர். 35இல் தொடங்கி 350 வரை, பத்து மடங்கு நீண்டது அது. அதன்பின் போட்டி மூண்டது. இன்று 24 முதல் 720 வரை, அதாவது முப்பது மடங்கு என்பது சாதாரணம். 2018இல் வந்த கேனன் எஸ்.எக்ஸ்.740, 24 முதல் 960 வரை, நாற்பது மடங்கு நீள்கிறது. நம்மிடம் உள்ளது முப்பது மடங்குக்காரர்.

எண்களைக் கண்டு மலைக்க வேண்டா. 24இல் வைத்துப் பார்த்தால், நாம் நிற்கும் தொலைவைப்போல் ஒன்றரை மடங்கு அகலம் படத்துக்குள் வரும். கூடத்தில் 4 மீட்டர் பின்னே நின்றால் 6 மீட்டர் அகலம் அடங்கும். கல்யாண வீட்டில் வரிசையாக அமர்ந்திருக்கும் ஒரு குடும்பம் முழுவதும் உள்ளே வந்துவிடும். 720க்கு நீட்டினாலோ, தொலைவில் இருபதில் ஒரு பங்கு அகலமே வரும். 100 மீட்டர் அப்பால் இருப்பதில் 5 மீட்டர் அகலமுள்ள துண்டு மட்டும் நறுக்கியெடுத்தாற்போல் கிடைக்கும். ஒரே பெட்டியில் இவ்விரண்டும் இருப்பதே இதன் பெருமை.

அப்படியாயின், விளையாட்டு மைதானங்களில் முக்காலியின் மீது ஏற்றி வைக்கிறார்களே, ஒரு கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு லென்ஸ், அது எதற்கு? சூட்சுமம் உள்ளே இருக்கும் சில்லில் இருக்கிறது. பழைய படச்சுருளின் ஒரு சட்டம் 36க்கு 24 மில்லிமீட்டர். அந்தச் சுருளின் இடத்தில் இக்கருவியில் அமர்ந்திருக்கும் ஒளியுணர் சில்லோ ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. பரப்பைக் கணக்கிட்டால் பழைய சட்டத்தில் முப்பதில் ஒரு பங்குதான். சில்லு சிறுத்தமையால் லென்ஸும் சிறுத்தது. 720 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பழைய சுருளோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கேயன்றி, லென்ஸின் மெய்யான குவியத்தூரம் 130 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆகவேதான் அது ஜிப்பாப் பைக்குள் அடங்குகிறது. ஆகவேதான், பின்னே சொல்லப் போகும் குறைகளும் அதனோடு பிறந்தன.

2023 டிசம்பர் இறுதியில், கந்தூரிக் காலத்தில், நாகூரில் தொடங்கிக் கீழக்கரை, பாம்பன் வரை குடும்பத்தோடு கடலோரமாகச் சென்று வந்தோம். இக்கருவியின் நிறை குறை இரண்டையும் ஒருங்கே உரசிப் பார்க்க அதுபோல் ஒரு வழி அமைவது அரிது.

நாகூரின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சை மன்னர் பிரதாப் சிங் எழுப்பியது. வாசலருகே நின்று கைபேசியில் எடுத்தவர்கள் யாவரும் அதனை மல்லாந்து விழப்போவதுபோல் சாய்த்துவிட்டார்கள். அகலக் கோணத்தில் அண்ணாந்து எடுத்தால் எக்கருவியும் அப்படித்தான் செய்யும். நாம் தெருவின் கோடிக்குச் சென்று, ஜூமைச் சற்றே நீட்டி எடுத்தோம். மினாரா நிமிர்ந்து நின்றது. அவ்விடத்திலிருந்தே முழுதும் நீட்டியபோது உச்சி மாடத்தில் ஒடுங்கியிருந்த புறாக்களின் கழுத்து மினுமினுப்புகூடத் தெரிந்தது. காலை ஒன்பது மணி வெயில்; கருவிக்குப் பிடித்த வேளை.

அன்றிரவு சந்தனக்கூடு வந்தது. அசையும் விளக்குகள், அலைமோதும் மக்கள் வெள்ளம், இடையிடையே இருட்டு. நம் காமிரா தோற்றது என்று சொல்லிவிட்டு மேலே செல்வதே கண்ணியம். உடன் வந்த ஓர் இளைஞர் தம் கைபேசியில் எடுத்த படமே வீட்டாரின் கைகளில் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் கோடியக்கரையில் நிலைமை தலைகீழ். 1967இல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட அக்காட்டில் வெளிமான்கள் திரிகின்றன. மனித வாடை பட்டாலே துள்ளி மறையும் பிராணி. ஏறத்தாழ 60 மீட்டருக்கு அப்பால் புல்வெளியில் ஓர் ஆண்மான், முறுக்குக் கொம்புடன், நம்மையே பார்த்தவாறு நின்றது. 60 மீட்டருக்கு இருபதில் ஒரு பங்கு 3 மீட்டர். மான் படச்சட்டத்தின் பாதியை நிறைத்தது. அதே வேளையில் பிள்ளைகள் கைபேசியில் எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தால், பழுப்பாக ஒரு புள்ளி. அது மானா, மண்மேடா என்று அவர்களுக்குள்ளேயே சர்ச்சை. இந்த ஓர் இடத்துக்காகவே இக்கருவியைச் சுமந்து செல்லலாம் என்பது நம் கருத்து. இதற்கு நிகராகப் பெரிய காமிராவில் எடுக்க வேண்டுமாயின், கிலோக் கணக்கில் லென்ஸைத் தூக்க வேண்டும். கைக்குழந்தையும் தண்ணீர்க் குடமும் சாப்பாட்டுக் கூடையுமாகப் புறப்படும் நம் குடும்பங்களில் அதனைச் சுமப்பவர் யார்?

முழு நீளத்தில் கை நடுங்கினால் படமும் நடுங்கும். பழைய கணக்கின்படி 720க்கு, நொடியில் 720இல் ஒரு பங்கேனும் ஷட்டர் வேகம் வேண்டும். உள்ளிருக்கும் நடுக்கம் தடுக்கும் பொறி அதனை எட்டு மடங்கு தளர்த்தித் தந்தால், 90இல் ஒரு பங்கில் எடுத்துவிடலாம். ஆனால் அப்பொறி நம் கையைத்தான் நிறுத்தும், மானை நிறுத்தாது. சுவரோ, வண்டிக் கதவோ, மரக்கிளையோ கிடைத்தால் கருவியை அதன்மீது சாய்த்துக்கொள்வது உத்தமம்.

பூநாரைகள் விஷயத்தில் அவ்வளவு வெற்றி கிட்டவில்லை. அவை சதுப்பில் சுமார் 300 மீட்டர் தள்ளி நின்றன. பொழுது ஏறிவிட்டது. தரையிலிருந்து எழும் வெப்பம் காற்றை அலையலையாக ஆட்ட, பறவைகளின் கால்கள் உருகும் மெழுகுபோல் நெளிந்தன. இந்தக் கானலை எந்த விலையுள்ள லென்ஸும் ஊடுருவாது. கடற்கரையில் தொலைப்படம் எடுப்போர் சுபுஹு தொழுத கையோடு புறப்பட்டுவிட வேண்டும்.

கானல் இல்லாவிடினும் வேறொரு எல்லை உண்டு. ஒளி, சிறு துளை வழியே புகும்போது சற்றே பரந்துவிடும் இயல்புடையது. முழு நீளத்தில் இதன் துளையளவு எஃப் 6.4. அங்கே ஓர் ஒளிப்புள்ளி சில்லின்மீது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் எட்டொன்பது பங்கு அகலத்துக்குப் பரவுகிறது. சில்லில் உள்ள உணர்புள்ளி ஒவ்வொன்றின் அகலமோ ஆயிரத்தில் ஒன்றே கால் பங்குக்கும் குறைவு. ஆக, மானின் கண்ணில் மின்னிய ஒரு பொட்டு ஏழு புள்ளிகளின் அகலத்துக்கு ஈஷிக்கொள்கிறது. பெட்டியின்மீது இரண்டு கோடிப் புள்ளிகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதில், முழு நீளத்தில் எடுக்கும் படத்துக்குப் பயன்படுவது அதில் ஒரு சிறு பகுதிதான். இதற்கும் அப்பால் ‘டிஜிட்டல் ஜூம்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி வேறில்லை. வாங்கிய அன்றே அதனை அணைத்து வைத்துவிடலாம்.

கோடியக்கரை மீனவர் குடியிருப்பின் அருகே நடந்ததையும் சொல்ல வேண்டும். மணலில் பரப்பிய கருவாட்டை ஒரு மூதாட்டி புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நம் ராத்தாவின் மகன், பதினாறு வயது, வேனிலிருந்து இறங்கியவுடன் கருவியை வாங்கி முழு நீளத்துக்கு நீட்டினான். எண்பது மீட்டருக்குக் குறையாது. அந்த அம்மையார் நம்மைப் பார்க்கவேயில்லை. ராத்தா அவன் கையைத் தாழ்த்தினார்கள்.

“கிட்டப் போய்க் கேட்டுட்டு எடு வாப்பா. கேட்டா அவங்க காதுல விழாத தூரத்துல இருந்து எடுக்காதே.”

“மானைக் கேட்டா எடுத்தோம்?” என்றான் அவன்.

“மானுக்கு முந்தானை கிடையாது” என்றார்கள் ராத்தா. தலைத்துணி விலகியிருப்பதை அறியாமல் வெயிலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம், தெரு நீளத்துக்கு அப்பால் நிற்கும் ஓர் அந்நியனின் திரையில் நிறைந்திருந்ததை அப்போதுதான் நாமும் கவனித்தோம். இந்தக் கருவியைச் செய்தவர்கள் அச்சிட்டுத் தரும் கையேட்டில் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கிறது, இதற்கு இல்லை. மாடியில் துணி உலர்த்துவோரும், பள்ளிவாசல் திண்ணையில் அயர்ந்து உறங்குவோரும், துக்க வீட்டு வாசலில் நிற்போரும் இதன் எட்டும் எல்லைக்குள்தான் இருக்கிறார்கள். கைபேசியில் எடுப்பவர் அருகில் வந்தாக வேண்டும். வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வாய்ப்பேனும் எதிரில் இருப்பவருக்குக் கிடைக்கும். நீண்ட லென்ஸ் அந்த வாய்ப்பைப் பறிக்கிறது. இவ்வகைக் கருவியின் குறைகளை எழுதுவோர் சில்லையும் துளையையும் பற்றி எழுதுகிறார்கள். நம்மைக் கேட்டால் இதைத்தான் முதலில் எழுதுவோம்.

பையன் சென்று கேட்டான். “கருவாட்ட எடுக்குறியா, என்னை எடுக்குறியா தம்பி?” என்று சிரித்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார் அந்த அம்மையார். இரண்டு மீட்டர் தூரத்தில், ஜூமைப் பெரும்பாலும் சுருக்கி எடுத்த அந்தப் படம், பயணத்தின் மிகத் தெளிவான படங்களுள் ஒன்று. இடையில் கானல் இல்லை, துளை அகன்றிருந்தது, கை நடுக்கமும் தெரியவில்லை. அருகே செல்லச் செல்ல இக்கருவியே நல்ல கருவியாகிவிடுகிறது.

பாம்பனில் அதிக நேரம் தங்கவில்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்து நின்றிருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் அப்போது பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்தது. அகலத்தில் இரு பாலங்களும், நீளத்தில் துருப்பிடித்த பழைய இரும்புச் சட்டங்களுமாக நாலைந்து படங்கள். கடற்காற்று உப்பையும் மணலையும் வாரி இறைத்தமையால் கருவியை உடனே பைக்குள் வைத்துவிட்டோம். லென்ஸ் வெளியே நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு தூசும் போகும். லென்ஸைக் கழற்றித் துடைக்க வழியில்லாத அமைப்பு. நம் உறவினர் ஒருவரின் கருவியில் அவ்வாறு புகுந்த தூசு சில்லில் படிந்து, எடுக்கும் ஒவ்வொரு வானத்திலும் ஒரு சாம்பல் பொட்டாகத் தெரிகிறது.

கீழக்கரை நம் இல்லத்தரசியாரின் ஊர். கருங்கல் தூண்கள் நிரைநிரையாய் நிற்கும் அவ்வூர்ப் பழைய ஜும்ஆப் பள்ளியை அனுமதி பெற்று எடுத்தோம். தூண்கள் அசையா ஆதலால், கருவியைத் தரைமேல் வைத்து அரை நொடி திறந்தபோது நல்ல படமே கிடைத்தது. இருட்டு ஒன்றே இதற்குப் பகையன்று; இருட்டும் அசைவும் சேர்ந்ததே பகை.

வீட்டில் அவ்விரண்டும் சேர்ந்தே இருந்தன. மாமியார் அவர்களுக்கு வயது 84. படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள். “எதுக்கு மாப்பிள்ளை, இந்த வயசுல போட்டோ?” என்பார்கள். அன்று மஃரிபுக்குப் பின், பேரப்பிள்ளைகள் ஒன்பது பேரும் “உம்மம்மா, உம்மம்மா” என்று மொய்த்துக்கொண்டதில் மனம் இளகி, கூடத்துக் கட்டிலில் அமர்ந்தார்கள். நீண்ட பழைய கூடம். ஒரே ஒரு டியூப் லைட். கண்ணில் புரை நீக்கியவர்கள் ஆதலால் பிளாஷ் வெளிச்சம் ஆகாது. துளையை முழுதும் திறந்தும் ஷட்டர் 15இல் ஒரு பங்குக்கு இறங்கியது. ஐந்து பிள்ளைகள் அசைந்து மங்கினார்கள். ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வை 3200க்கு ஏற்றினோம். அப்போது பொரிப்பொரியாகப் புள்ளிகள் எழும்பும். அவற்றை அழிப்பதற்காகக் கருவி தானே ஒரு பூச்சுப் பூசும். அந்தப் பூச்சு மாமியார் அவர்களின் முகத்துச் சுருக்கங்களை எல்லாம் வழித்தெடுத்து, மெழுகுப் பொம்மையின் கன்னம்போல் ஆக்கிவிட்டது. எண்பது ஆண்டு வாழ்க்கை எழுதிய எழுத்து அந்த முகத்தில்தான் இருந்தது. இந்தச் சிறு சில்லு அதனைப் படிக்க அறியவில்லை.

கைபேசியில் எடுத்த படம் இதைவிட மேலாக இருந்தது. அதன் லென்ஸின் துளை எஃப் 1.8 ஆக இருந்தால், நம்முடைய 3.3ஐவிட மும்மடங்குக்கு மேல் ஒளியை வாங்கும். உயர் ரகக் கைபேசிகள் பலவற்றின் சில்லும் இன்று இதைவிடப் பெரியது. போதாக்குறைக்கு, அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இழைத்துவிடும் வித்தையும் அதற்குத் தெரியும். இரவிலும் வீட்டினுள்ளும் கைபேசியே மேல் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. தொலைவிலும் கைபேசிகள் முயன்று பார்த்தன. சாம்சங் நிறுவனம் 2021இல் தன் உயர் ரகக் கைபேசியில் பத்து மடங்கு லென்ஸ் வைத்தது; 2024இல் அதனை விடுத்து ஐந்து மடங்குக்கு வந்துவிட்டது. முப்பது மடங்கு இன்னும் சிறு காமிராவின் ஆட்சிதான். எனினும் அந்த ஆட்சிக்குக் குடிகள் குறைந்துவிட்டார்கள். 2010இல் உலகெங்கும் லென்ஸ் மாற்றவியலாத சிறு காமிராக்கள் 10 கோடிக்கும் மேல் ஆலைகளிலிருந்து வெளிச்சென்றன. 2023இல் அது 20 இலட்சத்தையும் எட்டவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாமியார் அவர்கள் முற்றத்தில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தின் மேல் திறந்த வானம். நேர் வெயில் இன்னும் இறங்கவில்லை. சுவரெல்லாம் வெள்ளை. “இப்ப எடுக்கலாமா மாமி?” என்று கேட்டோம். “நேத்து எடுத்தது போதாதா?” என்றார்கள், கை இடிப்பதை நிறுத்தவில்லை, மறுக்கவும் இல்லை. மிக அருகே சென்று அகலக் கோணத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துவிடும் ஆதலால், இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்து, ஜூமை 70 அளவுக்கு நீட்டினோம். ஐ.எஸ்.ஓ. 100ஐ ஒட்டி நின்றது. ஒரே ஒரு படம்.

இனி வாங்க நினைப்போருக்குச் சில சொற்கள். நீளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமானால், பெரிய சில்லுள்ள வகை உண்டு. ஓர் அங்குலச் சில்லு என்கிறார்கள். மெய்யாக அது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். ஆயினும் இதைப்போல் நாலு மடங்கு பரப்பு. பானசோனிக் டி.ஜெட்.100 (2016) 25 முதல் 250 வரையும், டி.ஜெட்.200 (2018) 24 முதல் 360 வரையும் நீள்பவை. விலை கூடுதல். மானைவிடப் பேரப்பிள்ளைகளை மிகுதியாக எடுப்பவர்கள் அதன் பக்கம் சாயலாம். கண் வைத்துப் பார்க்கும் சிறு சாளரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டு வெயிலில் பின்புறத் திரை வெறும் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். 720இல் மானைத் தேடும்போது சாளரத்தை நெற்றியோடு அழுத்திப் பிடித்தால் கையும் நிலைக்கும். 2025இல் வந்த டி.ஜெட்.99இல் அந்தச் சாளரத்தை எடுத்துவிட்டார்கள். அது நமக்கு உவப்பாக இல்லை.

மாமியார் அவர்கள் 2024 ரமலானில் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் மறுமையைச் சிறப்பாக்குவானாக. பேத்திமார்கள் ஆளுக்கொரு படம் கேட்டபோது இரண்டையும் அச்சுக்குக் கொடுத்தோம். 4க்கு 6 அங்குலத் தாளுக்கு இருபது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகளே போதுமாதலால், சிறு அச்சில் பல குறைகள் மறைந்துவிடும். முற்றத்துப் படத்தை 8க்கு 10ஆகப் பெரிதாக்கினோம். இமை மயிரும், வெற்றிலைச் சாறு பட்ட விரல் நுனியும் தெரிகின்றன. கட்டிலில் ஒன்பது பிள்ளைகளோடு அமர்ந்த படம் அவ்வளவு பெருக்கத்தைத் தாங்கவில்லை. ஆயினும் எல்லாரும் ஒன்றாக இருப்பது அதில்தான் என்பதால், 4க்கு 6 அளவிலேயே ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.